இடப்பக்க இருக்கை

என் மகள் அந்த வண்டியில் ஏறக் கூடாது. வண்டியே வேண்டாம் என்று மாதக்கணக்கில் மன்றாடித் தோற்ற பிறகு என் கணவரிடம் நான் வைத்த ஒரே நிபந்தனை இதுதான். அவரும் உடனே ஒத்துக்கொண்டார். அவர் ஒத்துக்கொண்ட வேகத்தைப் பார்த்தே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

நான் பிசியோதெரபிஸ்ட். ஹூஸ்டனில் ஒரு மருத்துவமனையில், விபத்தில் நொறுங்கியும் பக்கவாதத்தில் விழுந்தும் வருகிறவர்களை மறுபடி நிற்கவும் நடக்கவும் வைப்பது என் வேலை. மற்றவர்கள் ஃப்ரீவேயில் கார்களைப் பார்க்கிறார்கள். நான் இடுப்பெலும்பையும் கழுத்தெலும்பையும் பார்க்கிறேன். நாங்கள் இருக்கும் புறநகரான பேர்லேண்டில் கார் இல்லாமல் ஒரு பாக்கெட் பால்கூட வாங்க முடியாது என்பதால் தினமும் பயந்துகொண்டேதான் ஓட்டுகிறேன். டாக்டர்கள் கை விரித்த பிறகு, வெகுகாலம் கழித்துப் பிறந்தவள் என் மகள். அவள் பிறந்ததிலிருந்து என் பயம் மொத்தமும் அவளைச் சுற்றியே வட்டமடிக்கிறது. 'அம்மாவுக்கு பயமே ஹாபி' என்று அவள் தன் சிநேகிதிகளிடம் சொல்லி வைத்திருக்கிறாள்.

என் கணவரின் ஹாபி வேறு. நாங்கள் இருவரும் கோயம்புத்தூர். அவர் வளர்ந்த தெருவில் லேத் பட்டறைகள் வரிசையாக இருந்தன. அதில் ஏதாவது ஒன்றில் எப்போதும் ஒரு ரேஸ் வண்டி குடல் பிதுங்கிக் கிடக்குமாம். பள்ளிக்கூடம் விட்டால் அங்கேதான் இருப்பாராம். படிப்பு முடிந்த கையோடு ஒரு இயந்திரத் தொழிற்சாலை அவரை ஜப்பானுக்கு அனுப்பியது. ஃபுஜி மலை அடிவாரத்தில், பாஷை தெரியாமல், சாம்பார் கிடைக்காமல், தனியாளாக இருந்தார். அந்தச் சமயத்தில்தான் அங்கே கிராண்ட் டூரிங் கார்களுக்கென்று புதிதாக ஒரு பந்தயத் தொடர் ஆரம்பித்தது. ஜிடி என்பார்கள். தெருவில் ஓடுகிற அதே இரண்டு கதவு கூபே கார்களைப் பிரித்து, பலப்படுத்தி, பந்தயத்துக்கு விடுவது.

இன்றைக்கு அந்தப் பந்தயத்துக்கு எள் போட்டால் விழாத கூட்டம் வருகிறதாம். அவர் பார்த்தது அதன் தொட்டில் பருவத்தை.

"முதல்ல வண்டியே சேரல புள்ள. ஆளில்லாத கல்யாணம் மாதிரி இருந்துச்சு. வேற ஒரு ரேஸ்ல ஓடற வண்டிகளையும் கூட்டியாந்து, எல்லாத்தையும் ஒண்ணா ஓட விட்டாங்க" என்பார். ஆளில்லாத அந்தப் புல்மேட்டில் இவர் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம். மலையிலிருந்து பனிமூட்டம் இறங்கினால் வண்டி கண்ணுக்குத் தெரியாது. சத்தம் மட்டும் வரும். சத்தம் வந்த பக்கத்திலிருந்து வண்டியும் வருகிறதா என்று எல்லோரும் எழுந்து நின்று காத்திருப்பார்களாம். வந்ததும் மூச்சு விடுவார்களாம். இதை அவர் ஆனந்தமாகச் சொல்வார். கேட்கிற நான் காதைப் பொத்திக்கொள்வேன்.

அந்தப் பந்தயத்தின் சட்டங்களில் இரண்டு எனக்கு மனப்பாடம். ஒன்று, ஜெயித்த வண்டிக்கு அடுத்த பந்தயத்தில் கூடுதலாக எடை ஏற்றுவார்கள். தொடர்ந்து ஒருவனே ஜெயித்துவிடக் கூடாது என்பதற்காக. இன்னொன்று, ஒரு வண்டிக்கு இரண்டு ஓட்டுநர்கள். பாதிப் பந்தயத்தில் ஒருவர் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி இறங்க, மற்றவர் ஏறுவார். "எறங்கறவன் அப்படியே போயிர மாட்டான். வேர்த்து ஊத்தும், கால் நிக்காது. இருந்தாலும் ஏறறவனுக்கு பெல்ட் மாட்டி, இறுக்கிப் பாத்துட்டுத்தான் நகருவான்." இதைச் சொல்லும்போது மட்டும் தன் தோள்மேல் இல்லாத பெல்ட்டை இழுத்துப் பார்த்துக்கொள்வார். அந்தத் தனிமையில் அவர் பார்த்த ஒரே குடும்பக் காட்சி அதுதானோ என்று நான் நினைத்துக்கொள்வேன்.

ஆக, அந்தப் புல்மேட்டில் உட்கார்ந்தபோதே இவர் மனதில் ஒரு வண்டி ஏறிவிட்டது. அமெரிக்காவில் ஒரு விதி உண்டு. இந்த நாட்டில் விற்காத வெளிநாட்டு வண்டியை, அதற்கு இருபத்தைந்து வயது ஆன பிறகு தாராளமாக இறக்குமதி செய்துகொள்ளலாம். பெண்ணுக்கு வயது வரக் காத்திருக்கும் மாப்பிள்ளை வீட்டார் போல இவர் காத்திருந்தார். அதே ரகம் ஒன்று ஜப்பானிலிருந்து கப்பலில் வந்து இறங்கியது. சாம்பல் நிறம், இரண்டு கதவு, பின்னால் குழந்தைகள் மட்டும் உட்காரக்கூடிய, பெயரளவுக்கு ஓர் இருக்கை. ஸ்டியரிங் வலப்பக்கம். நம் ஊர் மாதிரி. இங்கேயோ வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடும், ஸ்டியரிங் இடப்பக்கம் இருக்கும்.

வலப்பக்க ஸ்டியரிங் இந்த ஊரில் எவ்வளவு பெரிய கூத்து என்பது கோயிலிலேயே தெரிந்துவிட்டது. பேர்லேண்ட் மீனாட்சியம்மன் கோயில் வாசலில் வண்டிக்குப் பூஜை. அர்ச்சகர் ஸ்டியரிங்கில் குங்குமம் வைக்க இடப்பக்கக் கதவைத் திறந்தார். அங்கே நான் உட்கார்ந்திருந்தேன். ஒரு கணம் திகைத்தவர், "மாமி ஓட்டறேளா?" என்றார். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுங்கியது. என் மகள் தள்ளி நின்று வீடியோ எடுத்தாள். அவள் முகத்தில் இருந்த ஆசையை நான் பார்த்துவிட்டேன். அவளுக்குப் பதினாறு வயது. கையில் லேர்னர்ஸ் பெர்மிட் வந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமை தோறும் அவர் வண்டியை எடுப்பார். தனியாக அனுப்ப பயம், கூடப் போகவும் பயம். கூடப் போகிற பயம் பரவாயில்லை என்று ஏறிக்கொள்வேன். அவர் ஜெயித்துவிட்டாரே, வண்டியில் ஏற்றிய எடை நான்தான் என்று சொல்லிக்கொள்வேன். இந்த நாட்டில் ஓட்டுநர் உட்காரும் இடத்தில் நான் உட்கார்ந்திருப்பேன், எதிரே ஸ்டியரிங் இல்லாமல், காலுக்கடியில் பிரேக் இல்லாமல். எதிர்வண்டிகள் என் தோளை உரசுவதுபோல் போகும். ஒருமுறை சிக்னலில் கண்ணை மூடிக் கைகூப்பி சஷ்டி கவசம் சொல்லிக்கொண்டிருந்தேன். கண்ணைத் திறந்தால், பக்கத்து வண்டியில் இருந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான்தான் ஓட்டுகிறேன் என்று நினைத்துவிட்டாள், பாவம்.

முன்னால் போகும் வண்டியைத் தாண்ட வேண்டுமென்றால், சாலையின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் அவருக்கு எதிரே வருவது தெரியாது. நடுக்கோட்டை ஒட்டி உட்கார்ந்திருக்கும் எனக்குத்தான் தெரியும். அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம் வந்தது. திரும்பும்போதும் தாண்டும்போதும் அவர் "போலாமா?" என்பார். நான் பார்த்துச் சொல்ல வேண்டும். கண்ணுக்கு எட்டிய தூரம்வரை ஒரு ஈ காக்கா இருக்காது. நான் "வேண்டாங்க" என்பேன்.

"எங்கூட வேல செஞ்ச ஜப்பான்காரனே தேவல. அவனாவது எப்பவாச்சும் சரின்னு சொல்லுவான்" என்பார்.

அந்த ஞாயிறு, நிபந்தனை உடைந்தது. என் மகள் எனக்கு முன்பே போய்ப் பின்னிருக்கையில் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டாள். நான் கதவருகே நின்று கத்தினேன். அவள் காதிலிருந்து ஹெட்ஃபோனைக் கழற்றி, "மாம், யூ கோ எவ்ரி வீக். இஃப் இட்ஸ் ஸோ டேஞ்சரஸ் வொய் டு யூ கோ?" என்று கேட்டாள். அவர் ஸ்டியரிங்கைத் துடைப்பதுபோல் முகத்தை மறைத்துக்கொண்டார். முன்கூட்டியே பேசி வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தது.

"இன்னிக்கு ஒரு நாள்தான் புள்ள. ஊருக்கு வெளிய, ஆளில்லாத ரோடு. மெதுவாத்தான் போறேன்."

அவள் பெல்ட்டை நானே இழுத்துப் பார்த்தேன். மறுபடியும் இழுத்துப் பார்த்தேன். பிறகு ஏறினேன்.

பேர்லேண்டைத் தாண்டித் தெற்கே போனால் பண்ணைச் சாலைகள். இரண்டு பக்கமும் வேலி, வைக்கோல் உருளைகள், எங்கேயாவது ஒரு மாடு. சாலை நடுவே மஞ்சள் கோடு தவிரத் தடுப்பு எதுவும் கிடையாது. போகும்வழி முழுக்க நான் கதவின் கைப்பிடியை விடவில்லை. எதிரே வண்டி வந்தால் பின்னால் திரும்பி அவளைப் பார்ப்பேன். நான் பார்த்தால் அவளுக்கு ஒன்றும் ஆகாது என்பதுபோல. ஒரு சின்ன கேஸ் ஸ்டேஷனில் நிறுத்தினோம். அங்கே ஒரு கிழவர் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து விசாரித்தார். என் கணவருக்குக் குஷி தாங்கவில்லை. திரும்ப ஏறியபோது ஜப்பான் கதையை ஆரம்பித்துவிட்டார், மகளுக்காக, முதலிலிருந்து. பனிமூட்டம், குடை, ஆளில்லாத புல்மேடு. சொல்லிக்கொண்டே கேஸ் ஸ்டேஷனிலிருந்து இடப்பக்கம் திரும்பினார். சாலை காலியாக இருந்தது. "போலாமா?" என்று கேட்கக்கூட இல்லை.

அதன்பிறகு நடந்ததை நான் மெதுவாகத்தான் சொல்ல வேண்டும். ஏனென்றால் அதன்பிறகு எனக்குப் பயம் போய்விட்டது.

ஆமாம், போய்விட்டது. அந்த வண்டியில் ஏறிய நாளிலிருந்து முதல்முறையாக என் தோள்கள் இறங்கின. கைப்பிடியிலிருந்து கை தானாக நழுவி மடிக்கு வந்தது. என் பக்கத்தில் புல்லும் வேலியும் வாய்க்காலும் போய்க்கொண்டிருந்தன. தோளை உரசும் எதிர்வண்டி இல்லை. சின்ன வயதில் பெரியப்பாவின் அம்பாசிடரில் முன்சீட்டில் உட்கார்ந்து பொள்ளாச்சி போவோமே, அதே மாதிரி இருந்தது. இவர் கதை சொல்ல, ஏசி காற்று முகத்தில் அடிக்க, கண்ணைச் சொருகியது. இவ்வளவு நாள் வீணாகப் பயந்தோமே, இது ரொம்ப நல்ல வண்டிதானே என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

பின்னாலிருந்து அலறல் வந்தது.

"அப்பா! ராங் சைட்! வீ ஆர் ஆன் த ராங் சைட்!"

எனக்குப் புரியவில்லை. எது தவறான பக்கம்? ஓரமாகத்தானே போகிறோம்? எதிரே வளைவிலிருந்து ஒரு பிக்கப் டிரக், வைக்கோல் ஏற்றிய டிரெய்லரை இழுத்துக்கொண்டு, எங்களுக்கு நேராக வந்துகொண்டிருந்தது. அவன் ஏன் எங்கள் பக்கத்தில் வருகிறான் என்றுதான் எனக்குத் தோன்றியது. என் கணவருக்கும் அதுதான் தோன்றியிருக்கிறது. ஒதுங்குவதற்கு அவர் கை இடப்பக்கம், என் பக்கத்து வாய்க்காலை நோக்கி ஒடித்தது. அதே நேரம் அந்த டிரக்காரனும் அவனுடைய வலப்பக்கம், அதே வாய்க்காலை நோக்கி ஒதுங்கினான்.

"ரைட்! அப்பா, கோ ரைட்!"

அவள் குரலுக்குத்தான் அவர் கீழ்ப்படிந்தார். புத்திக்கு அல்ல. வண்டி மஞ்சள் கோட்டைத் தாண்டி வலப்பக்கம் பாய்ந்தது. டிரெய்லரின் வைக்கோல் என் ஜன்னலில் சரசரவென்று தேய்த்துக்கொண்டு போனது. அவன் ஹார்ன் வெகுநேரம், வெகுதூரம் கேட்டுக்கொண்டே இருந்தது.

ஒரு பண்ணைக் கேட் முன்னால் வண்டி நின்றது. நான் திரும்பி அவளைத் தொட்டேன். தலை, கழுத்து, தோள், முழங்கை, என் வேலையில் தொடுகிற வரிசையிலேயே. எல்லாம் இருந்தது. "ஐயாம் ஃபைன், மாம்" என்று அவள் சொல்லிக்கொண்டே அழுதாள். நான் அழவில்லை. என் பற்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருந்தன, ஆகஸ்ட் வெயிலில்.

என் கணவர் இறங்கிப் புல்லில் உட்கார்ந்தார். இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எனக்குத் தெரியவே இல்ல புள்ள. இருபது வருஷமா இந்த ஊர்ல ஓட்டறேன். தெரியவே இல்ல."

எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். பக்கவாதம் வந்து பெற்ற பிள்ளையின் பெயரை மறந்த ஒரு அம்மாளின் விரல்கள் தானாகவே நூல் கோர்ப்பதை நான் தினமும் பார்க்கிறவள். உடம்பு தான் முதலில் கற்றதைத் தேடிப் போகும். வலப்பக்க ஸ்டியரிங், இடக்கையில் கியர், வாயில் ஜப்பான் கதை. அவருடைய கைகள் கோயம்புத்தூருக்கும் ஃபுஜி அடிவாரத்துக்கும் போய்விட்டன. அந்த இரண்டு ஊரிலும் இடப்பக்கம்தான் சரியான பக்கம். நானும் கூடவே பொள்ளாச்சிக்குப் போய்விட்டேன். அந்த வண்டியில் டெக்சாஸில் இருந்தவள் என் மகள் ஒருத்திதான்.

வண்டியின் பின்பாதி சாலையில் நீட்டிக்கொண்டிருந்தது. அப்படியே விட்டால் வளைவில் வருகிற அடுத்த வண்டி மோதும். இழுத்துப் போகும் வண்டிக்குப் போன் செய்ததில் சாயங்காலம் ஆகும் என்றார்கள். கேட்டுக்குப் பூட்டு, நிழலுக்கு ஒரு மரமில்லை. கேஸ் ஸ்டேஷன் பின்னால் கொஞ்ச தூரம்தான். அதுவரை போனால் போதும்.

"நான் தொட மாட்டேன். நீ ஓட்டு. உனக்குத்தான் கியர் வண்டி தெரியுமே" என்றார் அவர்.

தெரியும். கோயம்புத்தூரில் கற்றது. என் கால் அந்த வலப்பக்க பெடலில் பட்டால், என் கையில் அந்த ஸ்டியரிங் வந்தால், நான் எந்தப் பக்கம் போவேன்? இப்போது கேட்டால் வலப்பக்கம் என்று சொல்வேன். ஆனால் அலறல் கேட்ட பிறகும்கூட எனக்குத் தவறு தெரியவில்லையே. என் பயத்தைத்தான் இத்தனை வருடம் நம்பியிருந்தேன். சரியாக வேண்டிய நேரத்தில் அது தூங்கப் போய்விட்டது. அதை விடப் பெரிய பயத்தை நான் வாழ்க்கையில் பட்டதில்லை.

என் மகளைப் பார்த்தேன். மூக்கைத் துடைத்துக்கொண்டு சாலையைப் பார்த்தபடி நின்றாள்.

"கண்ணு, நீ ஓட்டறியா?"

அவள் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. "மாம், ஐ டோன்ட் நோ ஹவ் டு டிரைவ் ஸ்டிக்."

"கியர் நான் போடறேன். கிளட்ச்ச மட்டும் நான் சொல்றப்ப மிதி. நீ ரோட்டப் பாரு."

அவள் வலப்பக்கம் ஏறினாள். என் கணவர் எழுந்து வந்தார். கால் நடுங்கிக்கொண்டிருந்தது. கதவருகே குனிந்து பெல்ட்டை இழுத்து அவளுக்கு மாட்டினார். கிளிக் என்று கேட்டது. இறுக்கிப் பார்த்தார். பிறகுதான் நகர்ந்தார். பின்னால் ஏறி, முழங்கால் முகவாயில் இடிக்க, சுருண்டு உட்கார்ந்தார். நான் என் இடத்தில், இடப்பக்க இருக்கையில் உட்கார்ந்து, வலது கையை கியர் மேல் வைத்தேன்.

முதல் இரண்டு தடவை வண்டி குலுங்கி அணைந்தது. மூன்றாவது தடவை அணையவில்லை. ரிவர்ஸ் போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, கேட்டைப் பின்னால் விட்டு, சாலைக்கு முகம் கொடுத்து நிறுத்தினாள். இனி இடப்பக்கம் திரும்ப வேண்டும். அவர் திரும்பிய அதே திருப்பம்தான்.

அவள் இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, தலையைத் திருப்பாமல், என்னிடம் அதுவரை ஆங்கிலத்திலேயே பேசிவந்தவள், கேட்டாள்.

"அம்மா, போலாமா?"

இந்தப் பக்கம் பார்த்தேன். அந்தப் பக்கம் பார்த்தேன். மறுபடி பார்த்தேன். வயிற்றில் பயம் திரும்பி வந்து உட்கார்ந்திருந்தது. அதுபாட்டுக்கு இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

"வண்டி எதும் வரல கண்ணு. எந்தப் பக்கம் போகணும்னு மட்டும் என்னைக் கேக்காத. அத நீதான் பாக்கணும்."

அவள் தலையசைத்தாள். கிளட்ச்சை மிதித்தாள். நான் முதல் கியரைப் போட்டேன்.